பதிமூன்றாவது அம்பாசடர்

சங்கிலிப்பாண்டி தன் காலத்தில் பன்னிரண்டு கார்களைத் திருடியிருக்கிறார். பன்னிரண்டும் அம்பாசடர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசைப்பட்டு ஒரு புது மாடல் வண்டியில் கை வைத்தார். அது கூப்பாடு போட்டு ஊரையே கூட்டிவிட்டது. பாளையங்கோட்டையில் இரண்டு வருடம்.

வெளியே வந்தபோது வயது அறுபத்து மூன்று. மனைவி மாரித்தாய் வாசலிலேயே நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"இனிமே காரத் தொடமாட்டேன்னு பேத்தி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு உள்ள வாங்க. இன்னொரு தடவ ஜெயிலுக்குப் போனீயன்னா மனு போட்டுப் பார்க்க வரமாட்டேன். திரும்பி வந்தாலும் இந்த வாசல் கிடையாது."

சத்தியம் பண்ணினார். தொழிலுக்கு ஓய்வு, பென்ஷன் இல்லாத ஓய்வு. பசுவந்தனை சாலையில் மருமகன் முத்துசெல்வத்தின் பஞ்சர் கடையில், டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கும் வேலை.

ஆறு மாதம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு எதிர் குடோனுக்கு ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து சேர்ந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.

குடோன் குலாம் ரசூல் பாயுடையது. இரும்புக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்க முடியாத மனிதர். ஒரு காலத்தில் அம்பாசடர் வைத்திருந்து விற்றவர். இப்போது மறுபடியும் ஒன்றை வாங்கி, தானே பிரித்து மாட்டி ஓட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி தினமும் பானெட்டுக்குள் தலையை விட்டார். அவர் ஸ்பேனரைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தாலே சங்கிலிப்பாண்டிக்கு வயிறு எரியும். குழம்பு கிண்டுகிற பிடி.

ஒருநாள் பாய் தானாகவே கடைக்கு வந்து, சங்கிலிப்பாண்டி கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். காரைத் தொட்டால் மாமாவுக்கு வீட்டில் சோறு கிடையாது என்று மருமகன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். பாய் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சங்கிலிப்பாண்டிக்குக் கை நமநமத்தது. கேள்வி கேட்காமல் பழைய வண்டி வாங்குகிற ஆள் கயத்தாற்றில் இன்னும் இருந்தான். ஆனால் ஓடாத வண்டியை எப்படித் திருடுவது? முதலில் அதை ஓடவைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குப் போனால் பாய் திரும்ப இரண்டு மணி ஆகும். மருமகன் சாப்பிடப் போவதும் அப்போதுதான். அடிக்கிற வெயிலுக்கு, வேலிக்கருவை நிழலில் படுத்திருக்கும் ஆடுகளைத் தவிர சாலையில் ஒரு சீவன் இருக்காது. குடோன் பூட்டு ஒரு கம்பிக்குத் திறந்துகொண்டது.

முதல் வெள்ளி கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பொறி கொடுக்கிற, கருகிப்போன பாயிண்டைக் கழற்றி பெஞ்சில் போட்டுவிட்டு வந்தார். மறு வெள்ளி போனால், அது இருந்த இடத்தில் புதுசு, அட்டைப்பெட்டியோடு கிடந்தது. தானே கழற்றிப் போட்டதாகப் பாய் நினைத்திருப்பார். வாங்கத் தெரிகிறது, மாட்டத்தான் தெரியவில்லை. இவர் மாட்டினார். மூன்றாம் வெள்ளி என்ஜின் உறுமியது.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் தரைவரை போனது. இப்படி ஒரு வண்டியை ரோட்டில் இறக்க அவருக்கு மனசு வரவில்லை. அணைத்துவிட்டு, குடோனைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் பாய் பஞ்சர் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"சும்மா ரெண்டு தட்டு தட்டுனேன் முத்துசெல்வம். ஸ்டார்ட் ஆயிருச்சு."

"கைராசி பாய் உங்களுக்கு. எங்க மாமாவும்தான் இருக்காவ, ஒரு பஞ்சர் ஒட்டுறதுக்குள்ள நாலு தடவ மூச்சு வாங்குது."

சங்கிலிப்பாண்டி டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கினார், யாருடைய கழுத்தையோ அமுக்குவது போல.

அடுத்த இரண்டு வெள்ளியும் பிரேக்குக்கே சரியாகப் போயின. மறுநாள் சனிக்கிழமை பாய் வந்து, நாளைக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், காலையிலேயே கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு பஞ்சர் கடையும் கிடையாது.

காலை பத்து மணி. டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு வயரை இணைத்தார். பாட்டிலில் கொண்டுபோன பெட்ரோலுக்கு வேலையே இல்லை, டாங்க் நிறைந்திருந்தது. வண்டி வெண்ணெய் மாதிரி வெளியே வந்தது. மாரித்தாயின் முகம் ஒருதரம் கண்ணில் வந்தது. மூன்றாவது கியர் போட்டார், போய்விட்டது.

பைபாஸ் திரும்புகிற முக்கில், நடுரோட்டில், பஸ்ஸை நிறுத்துவது போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள் குலாம் ரசூல் பாயும் அவர் மனைவி பதருன்னிசாவும்.

மிதித்த மிதியில், ஒரு முழம் இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது.

விலங்கு, ஜெயில் கதவு, சாத்திய வீட்டு வாசல். இறங்கி ஓடச் சங்கிலிப்பாண்டி கதவுப் பிடியைத் தேடினார்.

பதருன்னிசா கல்யாணப் பையோடு பின் சீட்டில் ஏறி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பாய் முன் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கயத்தாறுக்கு விடும். பன்னெண்டு மணிக்கு நிக்காஹ்."

"பாய்... போலீசு..."

"போலீசு எதுக்குவே? அவியளுக்குக் கார்ப்பரேட்டர் கழுவத் தெரியுமா?"

வண்டி கிளம்பியது. பாய் என்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"தொண்ணூத்தாறுல நீரு தூக்கிட்டுப் போன வண்டியில ஒண்ணு என்னுது. பத்து நாள் கழிச்சு போலீசு புடிச்சுக் குடுத்துச்சு. திரும்பி வந்தப்ப ஓடுன மாதிரி, வாங்குன அன்னைக்குக்கூட அது ஓடுனதில்ல."

பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அதனாலதான் இந்த வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்கதுக்கு முந்தி, நீரு ஜெயில்ல இருந்து வந்துட்டீரான்னு ஒருக்கா விசாரிச்சுக்கிட்டேன்."