ஏழு பேர் ஏறிய படகு

போன வருட வெள்ளத்தில் நகராட்சிப் படகு நிறைந்துவிட்டது. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது விதி. கடைசி வீட்டு மாடிப்படியில் கணக்கு வாத்தியார் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த நடையில வந்து கூட்டிட்டுப் போறேன் சார்," என்றார் படகோட்டி.

"கொழந்தைங்கள மொதல்ல கொண்டுபோய் விடுப்பா. எனக்கென்ன அவசரம்."

படகோட்டி திரும்பி வந்தபோது மாடிப்படியே இல்லை. நெருக்கி உட்காரச் சொல்லியாவது அவரையும் ஏற்றியிருக்கலாமே என்ற எண்ணம் அதன்பிறகு படகோட்டியை விடவே இல்லை.

இந்த வருடம் மழைக்கு முன்பே நகராட்சி ஆற்றில் ஒத்திகை வைத்தது. படகோட்டி கரையில் நிற்க, தெருக்காரர்கள் ஏழு பேர் மட்டும் ஏறினார்கள். எட்டுப் பேருக்கான சிவப்புக்கோடு வரை படகு அமிழ்ந்தது. நகராட்சி இன்ஜினீயர் இரண்டு முறை தலைகளை எண்ணினார். எல்லோரையும் இறக்கிவிட்டு, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளில்லாத படகு ஓர் ஆள் கனத்துக்கு அழுந்தியே நின்றது.

"என்னய்யா இது?" என்றார் இன்ஜினீயர்.

"நான் பாத்துக்கறேன்," என்று படகோட்டி மட்டும் ஏறினார். போன வருடம் எல்லோரையும் இறக்கிவிட்ட மேட்டுக்கரைக்குத் துடுப்பு போட்டுப் போனார்.

"கரை வந்திருச்சு வாத்தியாரே. எறங்கிக்கங்க."

படகு கொஞ்சமும் மேலே எழவில்லை.

"சரி, மெதுவாவே எறங்குங்க. நான் எங்கயும் போகல," என்று சொல்லி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.