காலொடிந்த கௌதாரியும் கம்புப் பொந்தும்

நடந்ததோ நடக்கலையோ, ஒரு காட்டில் அணிலும் மயிலும் தினம் ஆளுக்கொரு கம்புக் கதிரை ஒரு மரப்பொந்தில் போட்டு வந்தன. யாராவது நோயில் படுத்தால், எழும்வரை அதிலிருந்து சாப்பாடு.

ஒருநாள் காலொடிந்த கௌதாரி வந்து கெஞ்சியது. "நோயோட வந்தா என்ன, பாவம், சேர்த்துக்கலாம்" என்றது அணில். குணமானதும் பங்கு போடுவதாகச் சொல்லிக் கௌதாரியும் சேர்ந்தது. பொந்தில் இருந்த கதிர் மளமளவெனக் குறைந்தது. இனி ஆளுக்கு இரண்டு கதிர் என்றானது.

மயில் நிலைகொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தது.

"எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. நான் எதுக்குப் போடணும்?"

"நாளைக்கு வந்தா?" என்றது அணில்.

"வந்தப்புறம் சேர்ந்துக்கறேன். அதான் நோயோட வந்தாலும் சேர்த்துக்கறீங்களே!"

மயில் போய்விட்டது. அணிலின் பங்கு நான்கு கதிரானது. அதற்கு உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. வால் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

"நீயும் போயிடுவியா தம்பி? எனக்கு எலும்பு இன்னும் கூடலையே" என்றது கௌதாரி.

"சேச்சே, எங்கேக்கா போறேன்? எனக்கு உடம்புக்கு முடியலைன்னா ஓடி வந்துடுவேன். அதுவரைக்கும் பொந்தைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அணிலும் நடந்தது.