கை அசைக்காத அண்ணன்

அண்ணனைத் தம்பிக்காரர் கடைசியாக உயிரோடு பார்த்தது, பழைய நகரத்தின் கல் வளைவுக்கு அடியில். டாக்சி ஜன்னலில் தலையை நீட்டி இவர் கை அசைத்தார். அண்ணன் இவரையே பார்த்தபடி நின்றார். கையைத் தூக்கவில்லை.

அன்றைக்குச் சின்னச் சண்டைதான்.

"உன் மகன் கடலைப் பார்த்த மாடியில இருக்கான். நீ இந்தப் பொந்துல கிடக்கிறே. என்னோட ஊருக்கு வந்துடு."

"எனக்கு இங்கேதான்டா சௌகரியம்."

வீட்டுக்குக்கூட அழைக்காமல், வளைவோரத்து டீக்கடையிலேயே பேசி அனுப்பிவிட்டார் அண்ணன்.

இப்போது அவர் இல்லை. தம்பிக்காரரின் துக்கமெல்லாம் அண்ணன் மருமகள் மேல் கோபமாகத் திரும்பியிருந்தது. மாமனாரை ஓரங்கட்டிய மகராசியை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, உறவையே முடித்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.

கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி மாடி. வரிசையாக வெள்ளைக் கதவுகள். எது யார் வீடென்று தெரியாமல் இரண்டு இடத்தில் மணியடித்து அசடு வழிந்த பிறகுதான் சரியான கதவு திறந்தது.

"வாங்க சின்ன மாமா. பெட்டியைக் கொடுங்க."

"வேண்டாம். சாயங்காலமே கிளம்பறேன். அண்ணன் இருந்த இடத்தை மட்டும் காட்டு."

பாலத்தைத் தாண்டினால் பழைய நகரம். இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீலக் கயிறு கொக்கி கொக்கியாக மாட்டி ஓடியது. அங்கங்கே முடிச்சு.

"இந்த மாதிரி கல் சுவர்ல துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்கான் பாரு. நல்ல ரசனை!"

"நான்தான் கட்டினேன், சின்ன மாமா."

"அதானே பார்த்தேன்! ஏம்மா, அவ்வளவு பெரிய வீட்டுல ஒரு கிழவனுக்கு இடமில்லாமப் போச்சா?"

"மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். கேட்காதீங்க."

"நல்லா இருக்கு சாக்கு!"

ரொட்டிக்கடை அம்மாள் எட்டிப் பார்த்தார். "யாரு, தம்பியா? மூக்கும் முழியும் அப்படியே! அவரு தினமும் இந்த ஒத்தை முடிச்சுக்கு வந்து ரொட்டி வாங்குவாரு. ரெட்டை முடிச்சுல சவரம். மூணு முடிச்சு வந்தா கடல் காத்து. ராஜா மாதிரி திரிஞ்சாரு!"

"எதுக்கு முடிச்சு?"

"கண்ணு தெரியாத மனுஷனுக்கு வேற என்ன அடையாளம் வைக்கிறது?"

சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தம்பிக்காரர் மருமகளைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா, ஊருக்குத் தூக்கிட்டுப் போய் ஒரு மூலையில உட்கார வெச்சுடுவீங்கன்னு பயந்தாரு" என்றாள். "மாடியில எந்தக் கதவைத் தடவினாலும் ஒரே வழவழப்பு. யார் வீட்டையோ தட்டிட்டு வெட்கப்பட்டு, வெளியே வர்றதையே விட்டுட்டாரு. 'பாதி ஆயுசு நடந்த சந்தும்மா, அங்கேயே விட்டுடு'ன்னாரு. படகுத்துறையில எனக்குக் கயிறோடதானே வேலை... கட்டினேன்."

"அன்னைக்கு நான் கை காட்டினேனே..."

"அது அவருக்குத் தெரியாது சின்ன மாமா. 'தம்பி வண்டிச் சத்தம் அடங்கற வரைக்கும் நின்னேம்மா'ன்னு வந்து சொன்னாரு."

தம்பிக்காரர் பெட்டியை மருமகளிடம் நீட்டினார். கயிற்றைப் பிடிக்க அவருக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மூணு முடிச்சு வரைக்கும் நடந்தார். முகத்தில் கடல் காற்று அடித்தது.

கயிறு இன்னும் அங்கே இருக்கிறது. அந்தச் சந்துத் தையல்காரருக்கும் பார்வை மங்கி வருவதால், அவர் வாசலுக்கு நேராக மருமகள் புதிதாக நாலு முடிச்சுப் போட்டிருக்கிறாள்.