வளைந்து போன கோடு

நாலாவது தடவையும் செல்வதுரை அதே இடத்தில் வளைந்துதான் போனார். கண்ணை மூடிய விஆர் ஹெட்செட், மணிக்கட்டில் நாடித்துடிப்பைக் காட்டும் பட்டை, காலுக்குக் கீழே வெறும் சிமென்ட் தரை. அந்தத் தரையில் எதுவுமே இல்லாத ஓரிடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

“கண்ணு சரியில்லையோ, அண்ணாச்சி?” என்று ரேச்சல் கேட்டாள். நன்றாகத்தான் தெரிகிறது என்றார் அவர்.

ரேச்சல் நாசரேத்துப் பெண். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு வார இன்டர்ன்ஷிப். கப்பலின் சரக்கறைக்குள் இறங்கும் தொழிலாளிகளை முதலில் விஆருக்குள் இறக்கிப் பழக்கினால் விபத்து குறையுமா என்பது அவளுடைய ஆராய்ச்சி.

ஹெட்செட்டுக்குள் தெரிவது கற்பனைச் சரக்கறை அல்ல. போன வருஷம் சுடலைமணி என்ற தொழிலாளி செத்துப்போன அதே சரக்கறையைப் படமெடுத்து, அச்சு அசலாகச் செய்திருந்தார்கள். இறந்தவரைக் காட்டக் கூடாது என்பது நிலையத்தின் உத்தரவு. அதனால் தரை துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

சுடலைமணியின் மனைவி பேச்சித்தாய்தான் இப்போது இந்த அறையைக் கூட்டிப் பெருக்குகிறாள். ஃபோர்மேன் செல்வதுரை பேசி வாங்கிக் கொடுத்த வேலை. சுடலைமணி குடிபோதையில் ஏணியிலிருந்து தவறி விழுந்து ஏணியடியிலேயே கிடந்தான் என்று விபத்து அறிக்கையில் எழுதிவிட்டார்கள். அவனோ அப்போது திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தவன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் என்கிறார்கள்.

“எங்க வீட்டுக்காரரு எப்படி விழுந்தாருன்னு இந்தப் பெட்டி சொல்லுமா, தாயி?” என்று பேச்சித்தாய் ஒருநாள் கேட்டாள். நாம் போட்டு வைப்பதைத்தான் அது காட்டும், வேறெதையும் காட்டாது என்று சொல்வதற்குள் ரேச்சலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்வது பாவம் என்று பட்டது.

இதுவரை முப்பத்தொன்பது பேர் ஹெட்செட் மாட்டி நடந்துவிட்டார்கள். ஏணியிலிருந்து எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்ப வேண்டும். நடந்த தடம் கணினித் திரையில் கோடாக விழும். அத்தனை பேர் கோடும் நேர்கோடு.

செல்வதுரை மூன்று வாரமாகத் தலைசுற்றல், மருமகள் சீமந்தம் என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவர். மேலிடத்தில் கட்டாயம் என்றதும் இன்றைக்கு வந்தார். விபத்து நடந்த அன்று தான் மேல்தளத்தில் நின்றதாகவும், கீழே இறங்கவே இல்லை என்றும், இந்தச் சரக்கறையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதாகவும் அவராகவே சொன்னார். உள்ளே ஆள் இறங்கும்முன் விஷவாயு இருக்கிறதா என்று காற்றைச் சோதித்தாயிற்று என அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அவர் கோடு மட்டும் எதிர்ச்சுவருக்குக் கொஞ்சம் முன்னால், ஏணியிலிருந்து முப்பதடி தள்ளி, வளைந்தது. ரேச்சல் அளந்து பார்த்தாள். வளைவின் நீளம் ஐந்தரை அடி. நான்கு தடவையும் அதே ஐந்தரை அடி.

கருவிதான் கோளாறு என்று அவளுடைய கல்லூரி ஆராய்ச்சி வழிகாட்டி போனில் சொன்னார். அப்படியானால் நாற்பது பேர் கணக்கும் குப்பைக்குத்தான். அவள் ஹெட்செட்டை மாற்றினாள். சுவரில் இருந்த சென்சார்களைத் துடைத்தாள். தானே மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள். கோடு நேராக விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உள்ளுக்குள் பயம் வந்தது.

செல்வதுரை தண்ணீர் கேட்டார். பேச்சித்தாய் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். நிமிர்ந்து பார்க்காமல் குடித்தார். போதும், வீட்டுக்குப் போகிறேன் என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று ரேச்சல் கெஞ்சினாள். பேச்சித்தாய் காலிச் செம்போடு சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

ஐந்தாவது தடவை. ஹெட்செட்டுக்குள் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் வெளியே ஓர் அறை இருப்பதே மறந்துவிடும். தனக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் மறந்துவிடும். அந்த மறதியை நம்பித்தான் ஆராய்ச்சியே நடக்கிறது.

இருபதடி. இருபத்தைந்தடி. நாடித்துடிப்பு நூற்று நாற்பதைத் தொட்டது. ஒலிபெருக்கியில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. ஆள் மயங்கி விழுந்துவிடப் போகிறார் என்று ரேச்சல் பதறி, மைக்கைக் கையில் எடுத்தாள்.

“அண்ணாச்சி, சுத்தாதீங்க. அங்கன ஒண்ணுமே இல்ல. நேரா நடங்க.”

அவர் நின்றார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை முன்னால் வைக்க முடியாமல் பின்னாலேயே வைத்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தபடி, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னார்:

“இங்கன சுடலை கெடக்கான் தாயி, ஆளத் தாண்டப்பிடாதுல்லா.”