நிராகரிக்கப்பட்டவை: 41

கவிழ்ந்த வள்ளத்திலிருந்து அவிழ்த்து வந்த பெட்டியைக் கொழுந்தன் யோகேஸ்வரன் உசாந்தியின் மேசையில் வைத்தான். சவர்க்காரக் கட்டியளவு பெட்டி. விளிம்பில் மணல் ஒட்டியிருந்தது.

"மச்சாள், அண்ணன் உதவிப் பட்டனை அமத்தாம இருந்திருக்க மாட்டார். ஏன் ஒரு சத்தமும் வரல்ல? நாளைக்கு நாங்க பதினேழு வள்ளமும் இதைக் கட்டிக்கொண்டுதானே இறங்கப்போறம்."

உசாந்தி பெட்டியைப் பார்த்தாள். அவள் செய்தது. முதலாவதைப் புருசன் விஜிதரனின் வள்ளத்தில் கட்டினாள். அந்த முதல் நாளே அவன் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து ஆறு நாள். அவள் இன்னும் அழவில்லை.

செட்டிபாளையத்தில் மீன் படும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்கள். அதற்காகவே வள்ளம் நிற்கும் இடத்தை எவரும் படிக்காதபடி பூட்டி அனுப்பும் பெட்டி. உதவி கேட்டால் மட்டும் கரையிலுள்ள கணினி பூட்டைத் திறந்து மணியடிக்கும்.

போலிச் செய்தி புகாதிருக்க, பெட்டி அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுத்தாள். பழைய எண் வந்தால் கணினி திறந்தும் பாராது, ஒதுக்கிவிடும்.

அந்த எண்ணை ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் அழியாமல் எழுதிவைக்கப் பற்றரி தாங்காது. எழுதாமல் விட்டாள். நடுக்கடலில் பற்றரியை யார் கழற்றப்போகிறார்கள்?

மூடியைத் திறந்தாள்.

பற்றரியில் ஒரு துண்டு தங்கூசி, தூண்டில் நூல், கட்டியிருந்தது. பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தான்.

"அது... தன்ட இடம் வந்ததும் கழட்டியிருப்பார், மச்சாள். நாங்க எண்டாலும் அதைத்தான் செய்வம். பொஞ்சாதிக்கே சொல்லாத இடத்தைப் பெட்டிக்குச் சொல்லுவனா எண்டு சிரிச்சவர்."

பற்றரியைக் கழற்றித் திரும்ப மாட்டினால் பெட்டி மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.

ஒதுக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தாள்.

காலை 5.12. எண் ஒன்று. பூட்டை அவிழ்த்தாள். உதவி.

எண் இரண்டு. உதவி.

கடைசியாக, 7.03க்கு நாற்பத்தொன்று. உதவி.

பற்றரியைக் கழற்றுமுன் வந்த கடைசி எண் அறுபத்திரண்டு. கணினி அறுபத்து மூன்றுக்காகக் காத்திருந்தது.

"நாளைக்கு ஒருத்தரும் இறங்க வேணாம்," என்றாள். குரல் சாதாரணமாகவே வந்தது.

யோகேஸ்வரன் திரையைப் பார்த்தபடி நின்றான்.

அவள் கைபேசியை எடுத்தாள். விஜிதரனுக்குக் கடைசியாக அனுப்பியது ஒரு படம். அன்று காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டே இதே திரையை எடுத்தது. சிவப்பு எழுத்தில், நிராகரிக்கப்பட்டவை: 41.

கீழே அவள் எழுதியிருந்தாள்: "முதல் நாளே ஆரோ உள்ளுக்கு வரப் பாத்திருக்காங்க. என்ட பூட்டு விடல்ல. கெதியா வாங்க, காட்டுறன்."

பக்கத்தில் இன்னும் ஒற்றைச் சரிக்குறிதான் இருந்தது.