லாரிக்கு ஒரு பறவை

“லாரியில வச்சிக்கிறாப்ல ஒரு பறவை வேணும்க்கா. பேச்சுத் துணைக்கு.”

வில்லியனூரில் பறவைக் கடை வைத்திருக்கும் லில்லி, கம்புத் தட்டைக் கீழே வைத்துவிட்டு சிங்காரவேலுவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வூட்ல பொண்டாட்டி இல்லியா?”

“இருக்கா. அதனாலதான் வந்திருக்கேன்.”

பாகூர்க்காரன். நாக்பூர் லைனில் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில்தான் குடித்தனம். கூட ஓடும் டிரைவர்களுக்கு வீட்டிலிருந்து போன் வந்தால் அரை மணி நேரம் பேச்சு, அழுகை, சண்டை எல்லாம் நடக்கும். இவன் மனைவி உஷாராணியும் தினம் சாயங்காலம் போன் பண்ணத்தான் செய்வாள்.

“சாப்ட்டியா? தண்ணி குடி. சரி, வச்சிடறேன்.”

அவ்வளவுதான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘உன்னைத் தேடுதுய்யா’ என்று அவள் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஏங்கிக் கிடந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆம்பளை, வாய் விட்டுக் கேட்கவா முடியும்?

லில்லி லவ் பேர்ட்ஸ் கூண்டைக் காட்டினாள். “இத எடுத்துக்க. ஜோடியாத்தான் குடுப்பேன்.”

“அதுங்க ரெண்டும் கொஞ்சறதப் பாத்துக்கினே நான் நாக்பூர் வரைக்கும் ஓட்டணுமா? வேணாம்க்கா. அந்தச் சின்னக் குருவி?”

“இன்ஜின் சூட்டுக்கு ஒரு நாள் தாங்காது. காக்டெயில் வச்சிக்கிறியா?”

“ஸ்டியரிங் புடிச்சா சரக்கு தொடறதில்லக்கா.”

“தம்பி, அது பறவைப்பா!”

சாம்பல் உடம்பு, மஞ்சள் மூஞ்சி, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் நீட்டமாக ஒரு கொண்டை. அவனைப் பார்த்ததும் தலையைச் சாய்த்து விசில் அடித்தது. அவனுக்குப் பிடித்துப் போயிற்று.

“ஆணு. கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை பேசும். பொட்ட பேசாது.”

“எங்க வூட்லயும் அப்டித்தான்.”

லில்லி சிரித்தாள். “எடுத்ததும் லாரில ஏத்தாத. சத்தத்துல மிரண்டுடும். ரெண்டு மாசம் வூட்ல இருக்கட்டும், மனுஷங்க குரலுக்குப் பழகட்டும்.”

கூண்டை பைக்கில் வைத்துக் கட்டி, கிக்கரை உதைக்கப் போகும்போது, “தீனி வாங்க எப்ப வருவே?” என்று கேட்டுவிட்டாள் லில்லி.

சிங்காரவேலுவின் முகம் சுண்டிப் போனது.

“வண்டிக்காரன அப்டிக் கேக்கக் கூடாதுக்கா. எங்கப்பாவும் டிரைவர்தான். எப்ப வருவேன்னு கேட்டு அனுப்பினாங்க, வரவே இல்ல. எங்க வூட்ல அந்தக் கேள்விய நான் கேக்க வுட்டதே இல்ல.”

வீட்டில் உஷாராணி கூண்டைப் பார்த்ததும், “ஊர்ல இல்லாத கூத்து. இத வேற நான் பாத்துக்கணுமா?” என்றாள். சொல்லிக்கொண்டே வாங்கி அடுப்படி ஜன்னலோரம் மாட்டினாள்.

அவன் இரண்டு ட்ரிப் போய் வந்தான். பறவை கொழுகொழுவென்று ஆகியிருந்தது. விசில் அடித்தது, தலையைத் தடவக் கொடுத்தது. பேசத்தான் இல்லை.

“ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தியா உஷா?”

“எனக்கு வேற வேல இல்லியா?”

மூன்றாவது ட்ரிப்புக்குக் கூண்டு கேபினில் ஏறியது. உஷாராணி அடியில் தன் பழைய புடவைத் துணியை விரித்தாள். தினைப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். பறவையிடம், “பத்திரமா போயிட்டு வாடா” என்றாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. லாரி கிளம்பும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பறவைக்கு இருக்கிற கொடுப்பினை கூட நமக்கில்லையே என்று நினைத்துக்கொண்டே கியரை மாற்றினான். ஏரிக்கரை தாண்டும் வரை கண்ணாடியில் அவளைத் தேடிக்கொண்டே ஓட்டினான்.

மறுநாள் சாயங்காலம் கர்னூல் தாண்டி ஒரு டீக்கடையோரம் வண்டியை நிறுத்தியிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“சாப்ட்டியா?”

“ம்.”

“அது தின்னுச்சா?”

“தின்னுச்சு.”

“தண்ணி குடி. சரி, வச்சிடறேன்.”

போன் கட்டானது. எப்போதும் போல ஒரு பெருமூச்சு விட்டு அதைச் சட்டைப் பையில் போட்டான்.

கூண்டில் ஏதோ சரசரத்தது. பறவை கம்பியோரம் நகர்ந்து வந்து, கொண்டையை விறைத்துக்கொண்டு, அச்சு அசல் உஷாராணியின் குரலில் கேட்டது.

“எப்பய்யா வருவே?”

தூக்கிவாரிப் போட்டது. போனை எடுத்துப் பார்த்தான். அவள் அப்போதே வைத்துவிட்டிருந்தாள். இரண்டு மாதமாக, ‘வச்சிடறேன்’ என்று சொன்ன பிறகு, தினம் தினம், அந்த அடுப்படி ஜன்னலோரம் நின்று அவள் யாரை நினைத்து இதைக் கேட்டிருக்கிறாள் என்று அவனுக்கு மெல்ல உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

பறவை இன்னும் முடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, அவள் பதறும்போது வருகிற அதே கிசுகிசுப்பில், மிச்சத்தையும் சொன்னது.

“ஐயய்யோ... கேக்கக் கூடாது... கேக்கக் கூடாது.”