பெயர் எழுதாத கல்

ஹாலோவீன் முடிந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் தன் புல்தரையில் நட்டிருந்த விளையாட்டுக் கல்லறைகளைப் பிடுங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்து இரண்டு மாதமே ஆன பரிமளம், கடைசிக் கல்லின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றக் கற்களில் வேடிக்கைப் பெயர்கள் இருந்தன. இதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதன் அடியில் அவள் ஏற்றிய அகல்விளக்கு எரிந்தது.

மகள் பாமினி சப்பாத்துக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

“அம்மா, எழும்புங்கோ. இது சின்னப்பிள்ளையளுக்குப் பயங்காட்ட வைக்கிற சாமான். கல்லே இல்லை.”

“தெரியும். தொட்டுப் பாத்தனான்.”

“பிறகென்ன?”

“கொண்ணன்ர பேர் எழுத ஒரு பேனை தா.”

“மழைக்கு ஒரு கிழமையும் தாங்காதம்மா.”

“கல்லால கட்டின அவன்ர கல்லறையையே ஆமிக்காரர் இடிச்சு உழுதுபோட்டாங்கள். இது ஒரு கிழமை நிண்டாக் காணும்.”

பக்கத்து வீட்டுக்காரர் கல்லுக்காகக் கையை நீட்டியபடியே, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். தனக்குப் போரில் மாண்ட ஓர் அண்ணன் இருந்ததைப் பதினைந்து வருடமாக இந்தத் தெருவில் எவருக்கும் பாமினி சொன்னதில்லை.

பேனை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாள்.